கல்லடைப்பு வலியும் கூட இருப்பவரின் கடமையும்



இந்த மாதப் பாடத்தை ஒரு தவறை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம். தவறு நம் அறக்கட்டளையினுடையது.

சென்ற குளிர்காலத்தில் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். கேரட் மூட்டை ஏற்றி இறக்கும் கூலி வேலை. சிறுநீரகத்தில் கல். அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்கேனுக்கும் பஸ்ஸுக்கும் பணம் கொடுத்தோம். சிகிச்சைச் செலவுக்கும் வழி செய்தோம். ஸலாம் சொல்லி அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். சிகிச்சை பாதியில் நின்றுபோயிருந்தது. இயந்திரத்தின் "டக், டக்" சத்தத்திலும் முதுகில் விழுந்த அடியிலும் பயந்து உடலை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கல் குறியில் நிற்கவில்லை. இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. "காசு கொடுத்தீங்க பாய், அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி கொடுப்பான். ஆனா அந்த மேசை மேல படுத்திருந்தப்ப எனக்குன்னு யாரும் இல்லை" என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தை நம்மை விடவில்லை. இரண்டாம் முறை நம் ஊழியர் ஒருவர் கூடவே போனார். என்ன நடக்கும் என்பதை முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். முதல் முறை பயந்ததை டாக்டரிடமும் சொன்னார். அதே இயந்திரம், அதே மனிதர். இந்த முறை சிகிச்சை முழுவதும் முடிந்தது. வலி ஊசியும் நேரத்துக்குப் போட்டார்கள். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் முதல் முறையும் ஊசி போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே இந்தப் பாடம், மருந்து அல்லாமல் நோயாளியின் வேதனையைக் குறைக்கக் கூட இருப்பவர் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியது. மருந்தை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அல்லாஹ் எந்த நோயையும் நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை, ஆகவே சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். டாக்டர் தரும் மாத்திரையும் அந்த நிவாரணத்தில் அடங்கும். ஆனால் வலி மாத்திரை எல்லோருக்கும் ஆகாது. சிறுநீரகம் பலவீனமானவர், வயிற்றுப் புண் உள்ளவர், கர்ப்பிணிகள் ஆகியோர் பல வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது. எடுத்துக்கொள்பவருக்கும் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே பல மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைக் கடக்கக் கை கொடுப்பது குடும்பம்தான்.

இந்தக் கல் ஏன் இவ்வளவு வலிக்கிறது?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய் ஏறக்குறைய 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். உள்ளே துவாரம் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். சிறுநீரகத்துக்குள் சும்மா கிடக்கும் கல் பெரும்பாலும் வலிப்பதில்லை. அது நழுவி இந்தக் குழாயில் சிக்கும்போதுதான் கதை மாறுகிறது. பின்னால் சிறுநீர் தேங்குகிறது, சிறுநீரகம் வீங்கி அதன் உறை இழுபடுகிறது, குழாய் கல்லைத் தள்ளப் பார்த்து முறுக்கிக்கொள்கிறது. அதனால்தான் வலி அலை அலையாக வந்து போகிறது. விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் தொடங்கி அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்குகிறது. குமட்டலும் வாந்தியும் கூடவே வரும்.

சிறிய கற்கள், குறிப்பாக 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டவை, பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். பெரிதானால் டாக்டர் வழி சொல்வார். உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது ஒரு வழி. சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய கருவியை அனுப்பி லேசரால் உடைப்பது இன்னொரு வழி. முதுகில் சிறு துளையிட்டு எடுப்பது மூன்றாவது.

இது புதிய நோய் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிறுநீரகக் கல்லுக்கும் சிறுநீர்ப்பைக் கல்லுக்கும் என்றே தனி நூல் எழுதியவர் நம் முன்னோர்களில் ஒருவரான மருத்துவ மேதை அர்-ராஸி. ஆகவே நோயைக் கண்டு வெட்கப்படவோ மறைக்கவோ ஒன்றுமில்லை.

முதலில் எல்லைக்கோடு

வீட்டில் என்ன செய்யலாம் என்பதற்கு முன், வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதது எது என்பதைச் சொல்லிவிடுகிறோம். இதைத் தாய்மார்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

வலியோடு காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், சிறுநீர் இறங்காமல் நின்றுவிட்டால், வாந்தி ஓயாமல் தண்ணீர்கூட நிற்காவிட்டால், ஒரே ஒரு சிறுநீரகம் உள்ளவருக்கு இந்த வலி வந்தால், கர்ப்பிணிக்கு வந்தால், வலி சிறிதும் தணியாமல் ஏறிக்கொண்டே போனால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிதான். 108-க்குப் போன் செய்யுங்கள். இரவு என்றும் பனி என்றும் பார்க்காதீர்கள்.

காய்ச்சலை மட்டும் தனியாக விளக்குகிறோம். கல் அடைத்த சிறுநீரகத்தில் தேங்கிய சிறுநீரில் கிருமி புகுந்தால் அது வெளியே போக வழியில்லை. சில மணி நேரத்தில் ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் அடைப்பைத் திறந்து சிறுநீருக்கு வழி செய்ய வேண்டும். அது டாக்டரால்தான் ஆகும்.

நம் மலையில் ஒரு மூத்த தாயாருக்கு இப்படித்தான் ஆனது. முதல் நாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள், சுகமாக இருந்தது. இரண்டாம் நாள் உடம்பு நடுங்கியது. மலைக்குளிர் என்று நினைத்து இன்னொரு கம்பளி போர்த்தினார்கள். மூன்றாம் நாள் காலையில் பேச்சு குழறிய பிறகுதான் மலை இறக்கினார்கள். அல்லாஹ் உயிரைக் காப்பாற்றினான். ஆனால் பல நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். அந்தப் பிள்ளைகள் தாயைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பவர்கள். அன்பில் குறை இல்லை, எல்லைக்கோடு தெரியாததுதான் குறை. ஊரே குளிரில் நடுங்கும்போது காய்ச்சல் நடுக்கத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே வீட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள்.

வீட்டில் வலி வந்தால்

முதல் உதவி சூடு. நம் பாட்டிமார் தவிட்டு ஒத்தடம் கொடுத்தது வீண் அல்ல. ஆஸ்திரியா நாட்டில் கல்லடைப்பு வலியோடு ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2003-ல் வெளியானது. ஒரு சாராருக்கு வயிற்றிலும் கீழ்முதுகிலும் 42 டிகிரி செல்சியஸ் சூடு கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. சூடு பெற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள்ளேயே வலியும் பதற்றமும் குமட்டலும் நன்றாகக் குறைந்திருந்தன.

செய்யும் முறை இதுதான். வெந்நீர்ப் பையில் கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள். கை பொறுக்கும் சூடு போதும். பையை முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். துண்டில் சுற்றி விலாவுக்குக் கீழே வையுங்கள். பதினைந்து இருபது நிமிடம் வைத்துவிட்டு எடுத்துத் தோலைப் பாருங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். அவருக்கு வைக்குமுன் நீங்கள் உங்கள் உள்முழங்கையில் வைத்துப் பாருங்கள். பையை வைத்தபடியே தூங்க விடாதீர்கள்.

இரண்டாவது, உடலின் நிலை. இந்த வலியில் மனிதர் புரள்வார், எழுவார், நடப்பார், மீண்டும் படுப்பார். "சும்மா படு" என்று அதட்ட வேண்டாம். எந்த நிலையில் சற்றுத் தணிகிறதோ அதில் இருக்கட்டும். தலையணை கேட்டால் கொடுங்கள். நடக்க விரும்பினால் தோளில் கை போட்டுக் கூட நடங்கள்.

மூன்றாவது, மூச்சு. வலி ஏறும்போது நாம் மூச்சை அடக்கி உடலை இறுக்குகிறோம். அது வலியைக் கூட்டுகிறது. மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே செய்யுங்கள். வெளியே விடும் மூச்சோடு ஒரு திக்ரைச் சேர்த்துக்கொள்வது பலருக்குப் பழக்கமாக வருகிறது. உடலில் வலி என்று முறையிட்ட தோழர் உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களுக்கு, வலிக்கும் இடத்தில் கையை வைத்து மூன்று முறை பிஸ்மில்லாஹ் சொல்லி, ஏழு முறை அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தது முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அந்த துஆவை நம் ஹஜ்ரத்திடம் கேட்டு வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள்.

நான்காவது, தண்ணீர். இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது சொம்பு சொம்பாகத் தண்ணீரைத் திணித்தால் கல்லைத் தள்ளிவிடும் என்று நினைக்கிறோம். அடைத்திருக்கும்போது அது உதவாது, வாந்திதான் மிஞ்சும். தாகத்துக்கு வாய் வாயாகக் கொடுங்கள். வலி அடங்கிய நாட்களில்தான் தண்ணீரின் வேலை. அப்போது நாள் முழுவதும் பிரித்து இரண்டரை, மூன்று லிட்டர் குடிக்க வேண்டும். இதயக் கோளாறோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். குளிரில் தாகமே எடுக்காது. டீ குடித்தே நாளை ஓட்டிவிடுகிறோம். தாகத்தை நம்பாதீர்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் நிறமாக இருந்தால் போதுமான தண்ணீர் உள்ளே போகிறது. மஞ்சள் அடர்ந்தால் போதவில்லை. பச்சைத் தண்ணீர் பல் கூசினால் வெதுவெதுப்பாகக் குடியுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பீர் குடித்தால் கல் கரையும் என்று நம் பிள்ளைகளிடம் சொல்லித் திரிபவர்கள் இருக்கிறார்கள். அது மருத்துவம் அல்ல, கல்லைக் கரைப்பதும் அல்ல. மது உடலின் நீரை வற்ற வைக்கும். ஹராமானதை மருந்து என்று சொல்லி வீட்டுக்குள் விடாதீர்கள். வாழைத்தண்டைப் பொரியலாகவோ சாறாகவோ சாப்பிடுவது நம் வழக்கம், சாப்பிடுங்கள். ஆனால் அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

மலை இறங்கும்போது

நமக்குக் கல் உடைக்கும் சிகிச்சை என்றால் மலை இறங்க வேண்டும். வத்தலக்குண்டு வரை கொண்டை ஊசி வளைவுகள், அதற்கப்புறம் திண்டுக்கல்லோ மதுரையோ. மன்னவனூர், பூம்பாறைக்காரர்களுக்குக் கொடைக்கானல் வந்து சேர்வதே ஒரு பயணம். சாதாரண ஆளுக்கே தலை சுற்றும் பாதையில் கல்லடைப்புக் குமட்டலோடு போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே பயணத்துக்கு என்று ஒரு பை தயாராக இருக்கட்டும். அதில் துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை, பிளாஸ்க்கில் வெந்நீர், முதுகுக்கு ஒரு தலையணை, வாந்திக்குக் கவர், ஸ்கேன் படங்கள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவை வேண்டும். முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வலி விட்டிருக்கும் நேரத்தில், முடிந்தவரை பகலில் இறங்குங்கள். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தால் மட்டும் நேரம் பார்க்க வேண்டாம்.

மாத்திரை அட்டைகளில் ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதோடு அதிர்வலை கொடுத்தால் சிறுநீரகத்தில் ரத்தம் கசியலாம். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது. எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை அவர் சொல்வார். கர்ப்பிணிகளுக்கு இந்தச் சிகிச்சை கொடுப்பதில்லை. மாதவிடாய் தள்ளியிருந்தால் நம் பெண்கள் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

மேசையின் மீது

ஜெர்மனியில் விமானம் செய்யும் டோர்னியர் நிறுவனத்தார், வேகமாகப் பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளி மோதும்போது என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார்கள். அப்போது பிடிபட்ட அதிர்வலை பற்றிய அறிவு பின்னால் மருத்துவத்துக்கு வந்தது. 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் சௌசி குழுவினர் முதல் நோயாளிக்கு இந்த முறையில் கல்லை உடைத்தார்கள். அந்தக் காலத்தில் நோயாளியை மயக்கித் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டியிருந்தது. இன்று தொட்டி இல்லை. தோலில் ஜெல் தடவி, மேசையில் படுக்க வைத்து, பெரும்பாலும் விழித்திருக்கும்போதே செய்கிறார்கள்.

விழித்திருப்பதால்தான் நோயாளியின் ஒத்துழைப்பு இவ்வளவு முக்கியமாகிறது. இதை முதல் நாளே அவருக்கு இப்படிச் சொல்லுங்கள்:

"அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். இரண்டாயிரம் மூன்றாயிரம் அடி விழும். ஒவ்வொன்றும் ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போல் தோலில் சுள்ளென்று இருக்கும், உள்ளே ஓர் அதிர்ச்சி தெரியும். டக் டக் என்று சத்தம் கேட்கும், அது இயந்திரத்தின் சத்தம்தான். ஆரம்பத்தில் மெதுவாக வைத்துப் படிப்படியாகக் கூட்டுவார்கள், உடம்பு பழகிக்கொள்ளும். தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்காமல், உடம்பை இழுக்காமல், வாயால் சொல்லுங்கள். நிறுத்துவார்கள், மருந்து கூட்டுவார்கள்."

இவ்வளவு சொன்னால் பாதிப் பயம் போகிறது. தெரியாத அடிதான் பெரிய அடி.

மூச்சு இங்கே வேறு மாதிரி. நாம் மூச்சு விடும்போது சிறுநீரகம் மேலும் கீழும் நகர்கிறது. ஆகவே மேசை மீது ஆழமாக இழுத்துவிடக் கூடாது. தூங்குகிறவர் விடுவது போலச் சிறிதாக, சீராக விட வேண்டும். வீட்டில் வலிக்கும்போது நீண்ட மூச்சு, மேசையில் சின்ன மூச்சு. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே பழக்கிவிடுங்கள்.

அடுத்தது காது. இந்தச் சிகிச்சையின்போது தாம் விரும்பியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைவதாகப் பல நாடுகளில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. துருக்கி மருத்துவர்கள் 2003-ல் இப்படி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துருக்கிக்கு இது புதிதும் அல்ல. எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488-ல் கட்டி முடித்த மருத்துவமனையில் நோயாளிகளுக்காகவே இசைக் கலைஞர்கள் வாரம் மூன்று நாள் வந்ததை எவ்லியா செலபி என்ற பயணி எழுதி வைத்திருக்கிறார். இசை பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் நாம் போகவில்லை. நமக்குக் கிராஅத் இருக்கிறது. நோயாளிக்குப் பிடித்த காரியின் ஓதலைப் போனில் ஏற்றி வையுங்கள். சிலருக்கு பேரக்குழந்தையின் குரல் போதும். இயர்போன் போட அனுமதி உண்டா என்று அங்குள்ள ஊழியரிடம் முதலில் கேளுங்கள். நம் சகோதரருக்கு இரண்டாம் முறை காதில் ஓடியது யாஸீன் ஸூரா. முதல் முறை இயந்திரத்தின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தவர் அவர்.

நோயாளி பெண்ணாக இருந்தால் இன்னொரு வேதனையும் உண்டு. அது கூச்சம். முதுகைத் திறந்து படுக்க வேண்டுமே என்ற நினைப்பே அவரை இறுக்கிவிடும். பெண் செவிலியர் கூட இருப்பாரா, எந்த அளவுக்கு ஆடை விலக்க வேண்டும், மற்ற இடத்தைப் போர்த்திக்கொள்ளலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்து தருகிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

வீடு திரும்பிய பின்

ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகலாம், அடி விழுந்த இடம் கன்றிப் போகலாம். இதையும் முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ரத்தத்தைக் கண்டதும் வீடே கலங்கிவிடும். கட்டி கட்டியாக ரத்தம் போனாலோ, நாட்கள் கடந்தும் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்புங்கள். கன்றிய இடத்தில் முதல் நாள் ஒத்தடம் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். உடைந்த துகள்கள் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் இறங்கும், இறங்கும்போது வலிக்கும். ஒரு வடிகட்டியில் சிறுநீர் கழித்துத் துகளைப் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தால் அது எந்த வகைக் கல், இனி எதைக் குறைக்க வேண்டும் என்பது தெரியும்.

சிலருக்கு உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்து அனுப்புவார்கள். அது இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் முட்டும், கழிக்கும்போது விலாவில் இழுக்கும். சிறுநீரை அடக்காமல், முக்காமல் கழிப்பதும், மூட்டை தூக்காமல் இருப்பதும் உதவும். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய விஷயம், அந்தக் குழாயை எடுக்க மறக்கக் கூடாது. வலி போய்விட்டது, மலை இறங்கச் செலவு என்று விட்டுவிட்டால் அதன் மீதே கல் படியும். பிறகு எடுப்பது பெரிய ஆபரேஷனாகிவிடும். எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதுங்கள். நம் அலுவலகத்திலும் சொல்லுங்கள். நாம் குறித்து வைத்து நினைவூட்டுகிறோம், பயணச் செலவு இல்லாவிட்டால் அதையும் பார்த்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

தொழுகையும் நோன்பும்

பல நோயாளிகளின் மனதை அரிப்பது வலி மட்டுமல்ல, "தொழுகை போகிறதே" என்ற கவலையும்தான். நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்திருக்கிறார்கள். சிறுநீர்க் கசிவு நிற்காதவர், ஒவ்வொரு தொழுகை நேரம் வந்ததும் சுத்தம் செய்து உளூச் செய்து தொழுதுகொள்ளும் சலுகை நம் ஃபிக்ஹில் இருக்கிறது. அவரவர் நிலைக்கான விளக்கத்தை ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளியுங்கள்.

ரமளானில் கல் வந்தால், நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அல்லாஹ்வே பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்களில் அனுமதி தந்திருக்கிறான். அந்த அனுமதியை எடுத்துக்கொள்பவரை ஈமான் குறைந்தவராகப் பார்க்காதீர்கள். நோன்பு வைக்கலாம் என்று டாக்டர் சொன்னவர்கள், இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள்.

நலம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் மீதுள்ள கடமைகளில் ஒன்று. அந்தக் கடமையே சில வீடுகளில் நோயாளிக்குச் சுமையாகிவிடுவதைப் பார்க்கிறோம். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர், "எங்க மச்சானுக்கும் இதே கல்லுதான், கடைசியில் கிட்னியே போச்சு" என்ற கதைகள், ஆளுக்கொரு நாட்டு மருந்து. தயவு செய்து இப்படிச் செய்யாதீர்கள். ஐந்து நிமிடம் இருங்கள், துஆச் செய்யுங்கள், நல்ல வார்த்தை சொல்லுங்கள், எழுந்து வாருங்கள். உதவ நினைத்தால், இரவு கண்விழித்த அந்த வீட்டுப் பெண்ணைத் தூங்கச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் நீங்கள் உட்காருங்கள். அந்த வீட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வையுங்கள். அதுதான் உண்மையான நலம் விசாரிப்பு.

அறக்கட்டளையின் முடிவு

அந்தச் சகோதரர் சொன்ன வார்த்தைக்குப் பிறகு நாம் ஒரு முடிவு எடுத்தோம். இனி சிகிச்சைக்குப் பணம் கேட்டு வருபவரிடம் "எவ்வளவு வேண்டும்?" என்று கேட்பதோடு "கூட யார் வருகிறார்கள்?" என்றும் கேட்கிறோம். யாரும் இல்லை என்றால் நம்மில் ஒருவர் போகிறோம். இதுவரை நான்கு இளைஞர்கள் இதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெண் நோயாளிகளோடு போக இரண்டு சகோதரிகளும் முன்வந்திருக்கிறார்கள். இன்னும் ஆட்கள் தேவை. மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பாடத்தைப் படித்திருந்தால் போதும். அலுவலகத்தில் நான்கு வெந்நீர்ப் பைகளும் தெர்மாமீட்டர்களும் வாங்கி வைத்திருக்கிறோம். தேவைப்படுபவர் எடுத்துப் போய், குணமானதும் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இந்த வாரம் இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கல்லடைப்பு வலியோடு எந்தெந்த அறிகுறி வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது? வீட்டில் விடும் மூச்சுக்கும் மேசையில் விடும் மூச்சுக்கும் என்ன வேறுபாடு? நம் தெருவில் நோயாளி யாராவது துணையில்லாமல் இருக்கிறார்களா? முதல் இரண்டுக்கும் பதில் இந்தப் பக்கங்களில் இருக்கிறது. மூன்றாவதின் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. தெரிந்தால் நம்மிடம் வந்து சொல்லுங்கள்.

நோயாளிகள் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. அவர்களின் பக்கத்தில் உட்காரும் பாக்கியத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்